போத்தல் அவித்த வீடு

பேறுகால விடுமுறை முடிகிற திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நான் வேலைக்குப் போனால் மகள் எதில் பால் குடிப்பாள்? நிப்பிள் மாட்டிய போத்தலை வாய்க்கு அருகே கொண்டுபோனாலே வீலென்று கத்தினாள். எங்கள் கொட்டாஞ்சேனை ஃபிளாட்டில் கீழ்மாடிவரை கேட்கும்.

குறை போத்தலில்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். சரியாக அவியாமல் ஏதோ வாடை நிற்கிறதாக்கும். கனடாவில் இருக்கும் அக்கா அனுப்பிய, ஆவியில் கிருமி கொல்லும் ஸ்டெரிலைசர் மெஷினில் போத்தல்களைத் திரும்பத் திரும்ப அவித்தேன். எடுக்க ஒரு இடுக்கி, வைக்கத் தனித் துவாய். அந்த மேசைப் பக்கம் யாரும் இருமக்கூடாது. கணவர் என் கண்ணில் படாமல் பல்கனியில் நின்று தேநீர் குடிக்கப் பழகிவிட்டார். அவருடைய அம்மா, என் மாமிதான் அடங்கவில்லை.

“நானும் நாலு பிள்ளை வளர்த்தனான். சுடுதண்ணியில ஒருக்கா அலசினாக் காணும்,” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானும் மாமியும் ஒரே கட்சியில் நின்றது ஒரு விஷயத்தில் மட்டும்தான். இருவருக்கும் மிட்வைஃப் மிஸ்ஸைக் கண்டால் பயம். பிள்ளை பிறந்த வீடுகளுக்கு வந்து பார்க்கிற அவருக்குப் போத்தல் என்ற சொல்லே ஆகாது. தாய் வேலைக்குப் போனால் தாய்ப்பாலைப் பிழிந்து எடுத்து வைத்து, கப்பால் பருக்கச் சொல்லிக் கிளினிக்கில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவ்வளவு சின்னப் பிள்ளை கப்பில் குடிக்குமா என்று நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் மெஷினில் போத்தல்கள் அவிந்துகொண்டிருந்தபோது மிஸ் வந்துவிட்டார். கணவர் ஓடிப்போய்க் குசினிக் கதவைச் சாத்தினார்.

மிஸ் பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். “திங்கக்கிழமை வேலைக்குப் போறீங்க என்ன? பால் எப்பிடிக் குடுக்கப் போறீங்க?”

நான் வாயைத் திறக்குமுன் மாமி முந்திக்கொண்டார். “கப்பிலதான் மிஸ். இப்பவே பழக்கிட்டம்.”

“நல்லம். எங்க, குடுங்க பாப்பம்.”

தினமும் சர்ச்சில் பூசைக்குப் போகிற மனுஷி, அந்தப் பொய்க்குக் கண்கூட இமைக்கவில்லை. உள்ளே போய், நான் எடுத்து வைத்திருந்த பாலைச் சூடு காட்டி, ஒரு சின்னச் சில்வர் கப்பில் ஊற்றிக்கொண்டு வந்தார். மகளை மடியில் நிமிர்த்தி, விளிம்பை உதட்டில் வைத்தார். நான் கத்தலுக்குக் காத்திருந்தேன். மகள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பூனைக்குட்டி மாதிரி நக்கி நக்கிக் குடிக்கத் தொடங்கினாள்.

வாயைப் பிளக்காமல் இருப்பதே எங்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது. தினமும் பார்க்கிற காட்சிபோல முகத்தை வைத்திருக்க வேண்டுமே. கணவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் குசினியில் மெஷின் பீப் பீப் என்றது.

“அது என்ன சத்தம்?”

“இடியப்பம் அவிஞ்சிட்டுது மிஸ்,” என்றார் மாமி.

“அப்ப எனக்கும் ரெண்டு தாங்க. காலமை இன்னும் சாப்பிடல்ல.”

சொன்னதோடு நில்லாமல், கை கழுவக் குசினிக்குள் போனார். மெஷினின் மூடியைத் திறந்ததும் ஆவி பறந்தது.

“இந்த வீட்டு இடியப்பத்துக்கு நிப்பிளும் இருக்கு என்ன?”

நன்றாக ஏச்சு விழப்போகிறது என்று நின்றோம். மிஸ் சிரித்துவிட்டார். “பிள்ளைதான் கப்பில குடிக்குதே, இனிப் போத்தல் எதுக்கு? மெஷின் இருக்கட்டும், கப்பையும் கரண்டியையும் இதில அவியுங்க. சின்னப் பிள்ளை, வயித்தால போனாப் பிறகு கஷ்டம். அந்தக் கப் அவிச்சதுதானே?”

“ஓம் மிஸ்,” என்றார் மாமி.

மிஸ் படியிறங்கிய பிறகுதான் விசாரித்தேன். கொச்சிக்கடைக் கோயிலில் இருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை மாமி தினமும் ஊற்றிக் குடிக்கிற கப் அது. சட்டை விளிம்பால் துடைத்துவிட்டுப் பாலை ஊற்றியிருக்கிறார். நான் போட்ட கத்தலில் மகளே அழத் தொடங்கினாள்.

மாமி முணுமுணுக்க முணுமுணுக்க அந்தக் கப்பை மெஷினில் அவித்து வைத்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். முதல் தேநீர் இடைவேளையிலேயே வீட்டுக்கு போன் எடுத்தேன்.

“குடிச்சாளா மாமி?”

“முழுக்கக் குடிச்சிட்டாள். ஒரு சிணுங்கல் இல்ல. நீ வேலையைப் பார் பிள்ளை.”

இதைக் கேட்கத்தானே இத்தனை நாள் தவித்தேன். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு தரமாவது என்னைத் தேடி அழுதிருக்கலாம் அவள். போனை வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய், அவளுக்கும் சேர்த்து நானே அழுதேன்.