நாலாவது ஐமர்

மருத்துவச்சி ஹாவிஸுக்கு வாய் நீளம். ஆனாலும் ஊரில் கைராசிக்காரி என்று பேர். கோட்டைக்குள் மட்டும் அந்த ராசி எடுபடவில்லை. அங்கே சீமாட்டி மேபலுக்கு அவள் பார்த்த மூன்று பிரசவமும் ஆண் குழந்தைகள். ஒன்றும் இரண்டு வயதைத் தாண்டவில்லை. மூன்றுக்கும் அப்பன் பாட்டன் பேரான ஐமர் என்றே வைத்தார்கள். மூன்றாவதைப் புதைத்தபோது கல்தச்சன், "கல்லறையில பேருதான் ஏற்கெனவே வெட்டியிருக்கே" என்று உளியை எடுக்காமலே போய்விட்டான்.

நாலாவது நீலம் பாரித்துப் பிறந்தது. பாதிரியார் வருவதற்குள் உயிர் போய்விடும் என்கிற நிலைமையில் மருத்துவச்சியே ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஹாவிஸ் தண்ணீரை ஊற்றிப் பேர் வைத்தாள். குழந்தை வீறிட்டது.

"பெர்கினா?" பிரசவ அறை வாசலில் நின்று கத்தினார் சர் ஐமர். "பன்னி மேய்க்கிற உன் புருஷன் பேரையா என் வாரிசுக்கு வச்ச?"

"ஆமாங்க எசமான்."

"ஃபாதர், பேரை மாத்துங்க!"

"ஞானஸ்நானம் ரெண்டாந்தரம் கொடுத்தா பாவம்," என்றார் பாதிரியார். "இவ வாசகத்தைத் தப்பா சொல்லியிருந்தா மட்டும் முதல் தரம் செல்லாது. நான் புதுசா கொடுக்கலாம்."

சர் ஐமரின் குரல் சட்டென்று தேனானது. "பதற்றத்துல நாக்கு குளறியிருக்கும், இல்ல ஹாவிஸ்? குளறியிருந்தா ஒரு கறவைப் பசு உனக்கு. குளறலேன்னா இனிமே இந்தப் பக்கம் தலைகாட்டாதே."

ஹாவிஸுக்குப் பாலாடைக்கட்டி என்றால் உயிர். அவள் மேபலைப் பார்த்தாள். அந்தப் பாவி மனுஷி இன்னும் குழந்தையைத் தொடவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். ஹாவிஸ் பெருமூச்சு விட்டுப் பசுவை மனசுக்குள் கைகழுவிவிட்டு, தான் சொன்ன வாசகத்தை அப்படியே திருப்பிச் சொன்னாள்.

"பெர்கின், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

"ஒரு எழுத்துகூடப் பிசகல," என்றார் பாதிரியார்.

"உலகத்துல வேற பேரே இல்லையாடி?" சர் ஐமர் முகம் சிவந்தார்.

"எசமான், என் புருஷன் மூணுதரம் ஆத்துல விழுந்தான். கூரையிலேர்ந்து விழுந்தான். நாறிப்போன விலாங்கு மீனை முழுசா தின்னான். நானும் ரெண்டு தடவை மெழுகுவத்தி ஏத்தி வேண்டிப் பார்த்துட்டேன். மனுஷன் சாகவே மாட்டேங்கிறானே!"

பாதிரியார் இருமினார். கட்டிலில் யாரோ சிரித்தார்கள். முதல் ஐமரைப் புதைத்த நாளிலிருந்து அந்தக் கோட்டையில் கேட்காத சிரிப்பு. மேபல் இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"ஹாவிஸ் எங்கயும் போகமாட்டா," என்றாள் புருஷனிடம். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள்.

"எங்க, என் பெர்கினைக் குடு."