தெருவில் ஓட அனுமதி இல்லை

அண்ணா ஜேர்மனியிலிருந்து அனுப்பிய வான் வண்டி ஆக்லாந்துத் துறைமுகத்தில் இறங்கிய அன்று நான் அதைப் பார்க்கப் போகவில்லை. போக வழியில்லை. எங்கே போவதென்றாலும் தங்கச்சியின் காரில்தான் போக வேண்டும். அவள் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தாள். யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தபடி, மழைக்குள் ஒரு கப்பலின் வயிற்றிலிருந்து என்னுடைய வான் வெளியே உருண்டு வருவதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் என் இரண்டு கால்களையும் இடது கையையும் எடுத்துக்கொண்டது. வலது கை மிஞ்சியது. அதிலும் முழங்கைக்குக் கீழேதான் பலம். எழுதுவேன், சாப்பிடுவேன். தலைமுடியைச் சீவி இழுத்துவிட இன்னொருவர் வேண்டும். அந்தக் கையை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் கணக்கியல் படித்து முடித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தங்கச்சியும் அவள் புருஷனும் சண்டைக்குத் தப்பி நியூசிலாந்துக்கு வந்தபோது என்னையும் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். தூக்கிக்கொண்டு என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல.

ஆக்லாந்தில் கார் இல்லாதவருக்குக் கால் இல்லை. அந்த நாட்களில் பஸ்களின் படி என் மடி உயரத்துக்கு இருந்தது. நான் நேர்முகத்துக்குப் போன இடங்களில் பாதி, வாசலில் மூன்று படி வைத்திருந்தன. கடைசியில் ஆக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹி என்ற ஊரில் மரக்கறி பொதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை கிடைக்கும் போலிருந்தது. முதலாளி குஜராத்திக்காரர். வயதானவர், கறாராகப் பேசுபவர். என்னுடைய சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வேலைக்கு எப்படி வருவாய்?"

தங்கச்சி தன் வேலைக்கு நேர் எதிர்த் திசையில் போகிறவள். அவள் புருஷன், என் மச்சான், இரவு வேலை முடிந்து விடியத்தான் வந்து படுப்பார். அதை அவரிடம் சொன்னேன். அவரே, "வழி தேடு, கொஞ்ச நாள் இடத்தை வைத்திருக்கிறேன்" என்றார்.

அதை நான் அண்ணாவிடம் டெலிபோனில் சொன்னேன். அங்கேதான் இந்தக் கதை தொடங்குகிறது.

அண்ணா அகதியாக ஜேர்மனிக்குப் போய், உடல் இயலாதவர்களுக்காக வாகனங்களை மாற்றிக் கொடுக்கும் ஒரு சிறிய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அங்கே ஒரு வான் நின்றது. கைகால் இயலாத ஒருவருக்காகச் செய்தது, அவர் இறந்துபோனார். அதில் கையால் திருப்பும் ஸ்டியரிங் சில்லு இல்லை. அந்த இடத்தில் விரலளவு உயரமுள்ள ஒரு சிறிய பிடி. முன்னுக்குத் தள்ளினால் ஓடும், பின்னுக்கு இழுத்தால் நிற்கும், பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம் திரும்பும். கை செய்வதை மின்சாரம் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். இறந்தவரின் குடும்பம் அதை அண்ணாவுக்கே கொடுத்துவிட்டது.

"உன்ரை கையை ஒரு பேப்பரிலை வைச்சுக் கீறி அனுப்பு" என்றார் அண்ணா. "பிடியை உன்ரை அளவுக்குச் செய்யிறன்."

"அண்ணா, இதையெல்லாம் இஞ்சை றோட்டிலை விடுவினமோ?"

"ஏன் விடாயினம்? இஞ்சை ஜேர்மன்காரனே சோதிச்சு ஓமெண்டு முத்திரை குத்தியிருக்கிறான். அவனை விடவோ உங்கடை ஆக்கள்?"

தங்கச்சி என் கையைத் தாளில் வைத்து அதன் உருவை வரைய, அதை அனுப்பினேன். வீதி விதிப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பழகுநர் உரிமத்துக்கான எழுத்துச் சோதனையிலும் தேறினேன். ஒருநாளும் ஓட்டாதவள், வட்டச் சந்தியில் யாருக்கு வழி விட வேண்டும் என்று தங்கச்சிக்குத் திருத்தம் சொல்லத் தொடங்கினேன். அவள் சிரித்தாள். அந்தச் சில மாதங்கள் வீட்டில் எல்லோருமே கொஞ்சம் சத்தமாகச் சிரித்தோம்.

வான் வந்தது. இங்கே ஓட வேண்டுமென்றால், வாகனங்களில் செய்த மாற்றங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பொறியியலாளர் ஒருவர் பார்க்க வேண்டும் என்றார்கள். மச்சான் அதை இழுவை வண்டியில் ஏற்றி அப்படியொருவரின் பட்டறைக்குக் கொண்டுபோனார். தங்கச்சி என்னையும் காரில் கூட்டிப் போனாள். பட்டறைக்காரர் வெள்ளைக்காரர். அவருக்குக் கீழே வேலை செய்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பொறியியலாளர். முப்பது வயதைத் தாண்டியவர், இங்கே வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நான் தங்கச்சியோடு தமிழில் கதைப்பதைக் கேட்டுவிட்டு வானுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார்.

"நீங்க தமிழா? சிலோனா?"

"ஓம் தம்பி."

"அக்கா, இந்த மாதிரி வண்டிய நான் போட்டோலதான் பாத்திருக்கேன்." அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்பு தலையைச் சொறிந்தார். "இடது பக்கம் உக்காந்து ஓட்டற வண்டிக்கு இங்க லேசுல பர்மிஷன் தர மாட்டாங்க. ஆனா ஸ்டியரிங்கே இல்லாத வண்டிக்கு இடது என்ன, வலது என்ன? அத எழுதிக் கேட்டுப் பாக்கலாம். பெரிய பிரச்சினை வேற."

"என்ன?"

"ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இரும்பாலயே ஒரு தொடர்பு இருக்கணும்னு விதி. கரண்ட் போனாலும் கையால திருப்ப முடியணும். இதுல வெறும் ஒயர்தான் இருக்கு."

"ஜேர்மனியிலை விட்டவைதானே?"

"ஆமா, விட்டிருக்காங்க. ஆனா எப்படின்னு பாருங்க." அண்ணா வானோடு அனுப்பிய, முத்திரை குத்திய ஜேர்மன் பத்திரத்தின் நகலை மச்சான் முன்பே பட்டறைக்குக் கொடுத்திருந்தார்; தம்பி அதை ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்து வைத்திருந்தார். "இந்த ஒரு வண்டிக்கு, அந்த ஒரு மனுஷனுக்கு மட்டும். அதுவும் செஞ்ச பட்டறையே அடிக்கடி சோதிச்சு, சரியா இருக்குன்னு சொல்லிட்டே இருக்கணும். அங்கயும் பொதுவான விதி இதேதான் அக்கா. இது விதிவிலக்கு."

அந்தப் பத்திரத்தை நான் அதுவரை ஒரு ஆசீர்வாதம் போலத்தான் வைத்திருந்தேன். அதில் இவ்வளவு நிபந்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அண்ணாவுக்கும் அவ்வளவு விளங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். முத்திரையைக் கண்டதும் அவருக்குப் போதுமாக இருந்திருக்கும்.

ஆனாலும் அந்தத் தம்பி விடவில்லை. விதிவிலக்குக் கேட்டு, தலைநகர் வெலிங்டனிலிருந்த போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதினார். ஓட்டிப் பார்த்த அறிக்கை வேண்டும், செய்த பட்டறையின் உத்தரவாதம் வேண்டும் என்று பதில் வந்தது. இரண்டாவதைக் கேட்க அண்ணாவுக்கு டெலிபோன் எடுத்தேன்.

"பட்டறையைப் பூட்டிப்போட்டினம் பிள்ளை. முதலாளிக்கு ஏலாமல் போச்சு. நான் இப்ப பேக்கரியிலை நிக்கிறன்."

"எப்ப பூட்டினது?"

"வானைக் கப்பலிலை ஏத்தின கையோடை. உனக்குச் சொல்லி ஏன் மனதைக் குழப்புவான் எண்டு விட்டிட்டன். ஓட்டிப் பாத்து நல்லா இருந்தால் அதுவே காணுமெல்லே?"

அது மட்டும் போதாது என்று எனக்கும் தெரிந்தது. தம்பிக்கும் தெரிந்தது. ஆனால் அவர், "அறிக்கை நல்லா வந்தா வாதாடிப் பாக்கலாம்" என்றார். ஓட்டிப் பார்க்க, பொதுத்தெரு அல்லாத ஒரு இடம் வேண்டும். புக்கெகோஹி முதலாளியைக் கேட்டேன். அவர் தன்னுடைய தோட்டப் பாதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொன்னார்.

அந்த ஞாயிறு நல்ல வெயில். செம்மண் வயல்களுக்கு நடுவே பாதை நேராகப் போனது. ஒரு பக்கம் வெங்காயம், மறு பக்கம் முட்டைக்கோஸ், எங்கள் பேச்சில் கோவா. என்னை நாற்காலியோடு தூக்கும் உயர்த்தியில் ஏற்றி, ஆசனத்தில் இருத்தி, நெஞ்சுக்குக் குறுக்கே பட்டி கட்டினார்கள். தம்பி பக்கத்தில் இருந்தார். அவருடைய காலடியில் ஒரு பிரேக் பூட்டியிருந்தார். தங்கச்சியும் மச்சானும் முதலாளியும் பாதையோரம் நின்றார்கள்.

நான் பிடியை முன்னுக்குத் தள்ளினேன்.

அதை எப்படிச் சொல்வது? என்னை இவ்வளவு காலமும் மற்றவர்கள்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பும் பக்கம் நான் திரும்பினேன். அவர்கள் நின்று கதைக்கும்போது நான் நின்றேன். இப்போது என் விரல்கள் சாய்ந்த பக்கம் இவ்வளவு பெரிய வாகனம் சாய்ந்தது. பாதையின் முடிவுக்குப் போய், திரும்பி, வந்தேன். மறுபடியும் போனேன். தங்கச்சி கையைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் ஓடி வந்தாள். நான் அவளை முந்திப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அவளை முந்தினேன்.

"சூப்பரா ஓட்டறீங்க அக்கா" என்றார் தம்பி. "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு."

அந்தச் சுற்றில், வளைவுக்கு வரும்போது நான் பிடியை வலப்பக்கம் சாய்த்தேன். வான் திரும்பவில்லை. இன்னும் சாய்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிடி கைக்குள் வெறும் பிடியாக இருந்தது, மேசையில் ஒட்டிய ஒரு தடியைப் போல. முன் பலகையிலிருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. தம்பி பிரேக்கை மிதித்தார். வான் பாதையை விட்டு இறங்கி, கோவாப் பாத்திகளை நசுக்கிக்கொண்டு போய்ச் சேற்றில் நின்றது.

ஒருவருக்கும் காயமில்லை. அந்த அமைதியில் எனக்கு முதலில் கேட்டது தங்கச்சி கத்திக்கொண்டு ஓடி வரும் சத்தம்தான். என் கை இன்னும் பிடியை வலப்பக்கம் அழுத்திக்கொண்டே இருந்தது. தம்பிதான் விரல்களைப் பிரித்து எடுத்தார்.

"தெருவா இருந்திருந்தா…" என்று தொடங்கி, அவர் முடிக்கவில்லை.

அவர் ஒரு வாரம் அதைக் கழற்றிப் பார்த்தார். ஒன்று நின்றாலும் மற்றது வேலை செய்யட்டும் என்று அதில் இரண்டு பற்றரிகள் வைத்திருந்தார்கள். ஆனால் இரண்டின் வயர்களும் ஒரே திருகாணியில் போய் முடிந்தன. அந்த ஆணி தளர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

"இறுக்கினாச் சரிவராதோ?" என்று கேட்டேன்.

"இந்த ஆணிய இறுக்கிடலாம் அக்கா. இதே மாதிரி வேற எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்? செஞ்சவங்களைக் கேக்க முடியாது. வரைபடமும் முழுசா இல்ல." அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நான் நல்லா இருக்குன்னு எழுதினா நீங்க நாளைக்கே ஓட்டலாம். என்னால எழுத முடியாதுக்கா. தப்பா நினைக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. யாராவது கல்நெஞ்சக்காரன் ஒருவன் மறுத்திருந்தால் அவனைத் திட்டிக்கொண்டாவது இருந்திருக்கலாம். விதியைப் போட்டவர்கள் சரி. அதைப் பார்த்தவர் சரி. வளைவில் அந்தப் பிடி செத்துப்போனதை என் கையே அறிந்திருந்தது. வெலிங்டனிலிருந்து மறுப்பு வந்தபோது நான் அதை ஒரு தடவை வாசித்துவிட்டு மச்சானிடம் கொடுத்துவிட்டேன்.

அண்ணாவுக்கு என்ன சொல்வது என்று தங்கச்சி கேட்டாள். அந்த வயர்களில் பாதி அண்ணா தன் கையால் புதுப்பித்தவை. நான், இடது பக்கம் இருந்து ஓட்டுகிற வாகனத்தை இங்கே விடமாட்டார்களாம் என்று மட்டும் சொன்னேன்.

"அட, அதுதானே? வலப்பக்கத்துக்கு மாத்தலாம்" என்றார் அண்ணா உற்சாகமாக. "இங்கிலாந்திலை ஒரு ஆள் இருக்கிறார், விசாரிக்கிறன்."

அவர் விசாரித்தார். ஒவ்வொரு முறையும் டெலிபோனில் புதிதாக ஒரு வழி சொன்னார். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மெல்ல மெல்ல அவர் அந்தப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டார்.

புக்கெகோஹி முதலாளி வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார். நசுங்கிய கோவாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வான் எங்கள் வீட்டு வாசல் பாதையில் நின்றது. அதைத் தாண்டிக் காரை எடுக்க முடியாமல் மச்சான் புல்லில் ஏற்றி எடுத்தார். மாரிகாலம் முழுக்க அப்படி. ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி, பழைய வாகனங்களை உடைப்பவர்கள் வந்து ஏற்றிப் போவார்களாம் என்றார். ஏற்றச் சொல்லுங்கோ என்றேன். அவர்கள் வந்தபோது நான் யன்னலுக்குப் போகவில்லை.

தொண்ணூறுகள் முடியும் சமயம் அண்ணா ஆக்லாந்துக்கு வந்தார். தலை நரைத்து, பேக்கரிச் சூட்டில் முகம் கறுத்திருந்தது. வந்த மறுநாள் வெளியே போய் நின்று சிகரெட் பிடித்துவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"ஒருக்காலாவது ஓடிப் பாத்தனியோ?"

"ஓம்."

"எப்பிடி இருந்தது?"

"நல்லா இருந்தது அண்ணா."

"நிப்பாட்டேக்கை குலுக்கினதோ? எனக்கு அதிலைதான் பயம்."

"இல்லை. மெல்லமாத்தான் நிண்டது."

அவர் கண்களை மூடிக்கொண்டு தலையாட்டினார். இனி வருகிற கார்கள் தாங்களாகவே ஓடுமாம், ஐரோப்பாவில் சோதித்துப் பார்க்கிறார்களாம், கொஞ்ச வருஷம் பொறு என்றார். அவற்றையும் யாராவது ஒருவர் கழற்றிப் பார்த்து ஓம் என்று எழுத வேண்டும். அதற்குள் எனக்கு எத்தனை வயதாகும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அப்போதே வலது கையின் விரல்கள் காலையில் விரிய மறுக்கத் தொடங்கியிருந்தன. இந்த நோய் பிற்காலத்தில் மிச்சத்தையும் கேட்டு வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதையும் நான் அண்ணாவுக்குச் சொல்லவில்லை.

பின்னேரம் தங்கச்சியும் மச்சானும் அவர்கள் பிள்ளைகளும் அண்ணாவும் கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். காரில் ஐந்து பேருக்குத்தான் இடம். என் நாற்காலியையும் வைப்பதென்றால் இன்னும் குறைவு. நீங்கள் போயிட்டு வாங்கோ என்றேன். அண்ணா நிற்கப் பார்த்தார். அவரையும் அனுப்பினேன். கார் பின்பக்கமாக இறங்கித் தெருவில் ஏறி, சந்தியில் கொஞ்ச நேரம் நின்று, பின் வலப்பக்கம் திரும்பிப் போவதை யன்னலோரம் இருந்து பார்த்தேன்.