குரலும் வயலினும் கிடந்த இடம்

மட்டக்களப்பு நகரில் என் அறையின் வாவிப் பக்க ஜன்னலை நிரந்தரமாக அடைத்து வைத்திருக்கிறேன். மாஸ்டரிங் செய்கிறவனுக்குத் தோணி எஞ்சின் சத்தம் ஆகாது. குரலையும் கருவிகளையும் பதிந்து, கலந்து முடித்த பிறகுதான் பாடல் என்னிடம் வரும். எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் ஒழுங்காகக் கேட்கும்படி அதன் மொத்தச் சத்தத்தையும் தொனியையும் சீராக்கி அனுப்புவேன். கலந்ததைப் பிரிக்க என்னால் முடியாது.

இதைப் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பத்து அக்காவுக்கும் தம்பிக்கும் தனித்தனியே விளக்க வேண்டி வந்தது. இருவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். அக்கா மாதா கோயிலில் பாடுகிறவர், தம்பி கல்யாண வீடுகளில் வயலின் வாசிக்கிறவர். தகப்பனின் வீட்டை விற்பதா வேண்டாமா என்ற சண்டையில் பேச்சு நின்றுவிட்டது. தாய் ஆசைப்பட்டதற்காக மட்டும் ஞானப்பாடல்கள் பதிய ஒப்புக்கொண்டார்கள். அக்கா ஒரு நாள் பாடிவிட்டுப் போக, தம்பி வேறொரு நாள் அதை ஹெட்போனில் கேட்டபடி வாசித்திருக்கிறார்.

முதலில் வந்தவர் வயலின்காரர். "வயலினைக் கொஞ்சம் தூக்கி விடுங்க, மகன்."

அடுத்த நாள் அக்கா வந்தார். "என்ட குரல் அடங்கிப்போய்க் கிடக்கு மனே. அவன்ட வயலின்தான் மேல நிக்குது."

இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னேன். சமாதானம் செய்யும் எண்ணமெல்லாம் இல்லை. அதே விளக்கத்தை மீண்டும் சொல்ல அலுப்பாக இருந்தது.

சோபாவின் இரு முனைகளில் உட்கார்ந்தார்கள். பாடலை ஓடவிட்டு, குரல் இருக்கும் அதிர்வெண் பகுதியைக் கூட்டினேன்.

"இவன்ட வயலினும் சேர்ந்து கூடுதே?" என்றார் அக்கா.

"ஓம் அன்ரி. ரெண்டும் ஒரே இடத்திலதான் கிடக்கு. ஒண்டைத் தூக்கினா மற்றதும் எழும்பும்."

"அப்ப குறைச்சா?" என்று தம்பி கேட்டார். குறைத்தேன். இரண்டும் அமுங்கி, பின்னணியில் இருந்த கிட்டார் மட்டும் முன்னால் வந்தது. இருவருக்கும் பிடிக்கவில்லை.

பழையபடி வைத்து மீதிப் பாடல்களையும் போட்டேன். ஒரு பாடலின் நடுவே அக்கா தம்பியின் பக்கம் திரும்பினார்.

"நான் மூச்சு எடுக்கிற இடத்தில நீ வாசிக்காம நிண்டிருக்காய்."

தம்பி என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "அந்த இடத்தில அக்காக்கு எப்பவும் மூச்சு வாங்கும். எனக்குத் தெரியும்."

அதன்பிறகு எதையும் கூட்டவோ குறைக்கவோ அவர்கள் கேட்கவில்லை. தம்பி மோட்டார் சைக்கிளில் போனார், அக்கா பஸ்ஸில் போனார்.

வீடு பிறகு விற்கப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். பாடல்களைப் பற்றி வந்த முறைப்பாடு ஒன்றுதான். சத்தம் காணாது என்று தாய் சொன்னாராம். அவருக்குக் காது மந்தம்.