எஞ்சின் நின்ற பிறகும் சுற்றிய ஃபேன்

போன கிழமை தெஹிவளையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒருவர் பக்கத்தில் காரை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனார். ஆளில்லாத காரின் முன்பக்கத்தில் ஃபேன் சுற்றத் தொடங்கியது. சில கார்கள் அப்படித்தான். எஞ்சின் நின்றாலும் சூடு ஆறும்வரை ஃபேன் தன்பாட்டில் சுற்றும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் நான் விறுவிறென்று பின்னால் போய்விட்டேன். அதற்குள் பஸ்ஸும் போய்விட்டது.

அந்த ஃபேன் காற்றோடு வந்த, சூடான ரப்பரும் தூசியும் கலந்த மணம் இருக்கிறதே, அது எனக்கு அத்தானின் கார்.

யுத்த காலம். நான் கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட். வெள்ளவத்தையில் சுகந்தி அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவின் கணவர்தான் அத்தான். அவரிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்கலாம். யாராவது வந்து திறக்கும்வரை மந்திரியின் மனைவி மாதிரி உள்ளே உட்கார்ந்திருப்பேன்.

காலி வீதி நெரிசலில் முன்னால் கரகரவென்று ஒரு சத்தம் வரும். வேகமெடுத்தால் நின்றுவிடும். பெல்ட் என்று அத்தான் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். மாறவில்லை. வாட்டர் பம்ப் என்றார். நான் என் பங்குக்குப் பூனை ஏறியிருக்கும் என்றேன். கடைசியில் கொட்டாஞ்சேனையில் அந்தோனி அண்ணனின் கராஜுக்குப் போனோம். அவர் எஞ்சினை நிறுத்தி, பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, ஃபேனை விரலால் தள்ளினார். அது தள்ளாடியது.

"பெல்ட்டும் இல்ல, பம்பும் இல்ல. மோட்டார் உள்ளுக்குத் தேஞ்சிருக்கு. ஃபேன் ஆடி ஆடிக் கூட்டுல உரசுது பாருங்க. மோட்டாரோட மாத்தணும்."

"அதுவரைக்கும் ஓடலாம்தானே?" என்றார் அத்தான்.

"ஓடலாம். சத்தம்தான்."

பழைய சாமான் கடைகளுக்குப் பஞ்சிகாவத்தைக்குத்தான் போகவேண்டும். அங்கே ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு என்று கதை அடிபட்டது. "அடுத்த கிழமை பாப்பம்" என்றார் அத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயிலால் திரும்பும்போது பாலத்தடிச் சோதனைச்சாவடியில் எங்களை மறித்தார்கள். எஞ்சினை நிறுத்தி இறங்கச் சொன்னார்கள். அத்தான், அக்கா, நான் மூவரும் அடையாள அட்டையோடு ஓரமாக நின்றோம். ஓர் இளம் சிப்பாய் காரின் முன்பக்கம் குனிந்தான். அந்த நேரம் பார்த்து ஃபேன் தொடங்கியது. நிறுத்திய காருக்குள் இரும்பை அறுப்பது போன்ற சத்தம். கார்க் குண்டுகளுக்கு ஊரே நடுங்கிய காலம் அது.

சிப்பாய் தெறித்து விழுந்தான். மற்றவர்கள் மணல்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்து எங்களை நோக்கித் துப்பாக்கியை நீட்டினார்கள். அத்தான் சரளமாகச் சிங்களம் பேசுவார். அன்று அவர் வாயில் தமிழ்தான் வந்தது. இரண்டு கைகளையும் உயர்த்திக் கத்தினார்:

"ஒண்டுமில்லை! ஒண்டுமில்லை! பயப்பிடாதேங்கோ!"

தமிழைக் கேட்டதும் அவர்கள் இன்னும் பயந்தார்கள். "பிம வாடிவென்ன!" என்று, நிலத்தில் இருக்கச் சொல்லி ஒருவன் சிங்களத்தில் கத்தினான். அக்கா அத்தானின் சட்டையைப் பிடித்து இழுத்து நிலத்தில் இருத்தினாள். நான் மரக்கறி வாங்கும் சிங்களத்தில், "ஃபேன் எக மாத்தயா, ஃபேன் எக விதராய்!" என்று அழுதேன். வெறும் ஃபேன்தான் ஐயா என்று சொன்னேன்.

ஃபேன் தானாக நின்றது. பொனட்டைத் திறந்து பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். விழுந்தவன் சிரிக்கவில்லை. விசாரிக்க வேண்டும் என்று அத்தானை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் நடந்து வந்தார்.

"என்னப்பா செய்தவங்கள்?" என்றாள் அக்கா.

"ஒண்டும் நடக்கேல்லை" என்றவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

மோட்டாரை அந்தோனி அண்ணனே தேடி எடுத்து வந்தார். பழைய ஃபேனைக் கூட்டோடு கழற்றி, ரேடியேட்டரில் கீறல் விழாமல் தூக்கி, புதியதைப் பூட்டினார். காரை ஸ்டார்ட் பண்ணிச் சூடேறவிட்டு, முன்னால் பத்திரிகைத் தாளொன்றைப் பிடித்தார். தாள் இழுபட்டு ஒட்டிக்கொண்டது.

"காத்த உள்ள இழுக்குது. சத்தமே இல்ல, பாத்தீங்களா?"

"இனி வராதோ?" என்றார் அத்தான். சற்று நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். அந்தோனி அண்ணன் அவர் தோளில் கையை வைத்தார். சில மாதங்களில் காரை விற்றுவிட்டோம்.

இப்போது அந்தப் பாலத்தடியில் மணல்மூட்டைகள் இல்லை, யாரும் யாரையும் மறிப்பதில்லை. அத்தானும் இல்லை. காலி வீதியில் அவர் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எதிர்ப்பக்கக் கடைக்காரர்களும் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படி ஒரு குரல் இருந்தது அவருக்கு. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, யுத்தம் முடிந்த பிறகும்கூட, தெருவில் அவர் தமிழில் ஒரு தரமும் குரல் எடுத்ததில்லை. சனத்துக்குள் அக்கா முன்னால் போய்விட்டால், மூச்சிரைக்க எட்டி நடந்துபோய் அவள் கையைத் தொடுவார்.