தோலேட்டில் ஒரு பெயர்

அரிசித் தகரத்துக்குள் கையை விட்டு, சூடு ஆறிவிட்டதா என்று பார்ப்பார் லாலர் துரை. வறுத்த அரிசி ஈரத்தை இழுக்கும். அதன்மேல் துணி விரித்து, ஆட்டுத்தோலில் எழுதிய தன் பழைய ஏடுகளை அடுக்குவார். மலாயாவின் கூலாய்ப் பக்கத்து மழையில் செருப்புகூடப் பூசணம் பூக்கும்.

"துரைக்கு ஒரு பிடி சோறு, தோலுக்கு ரெண்டு படி அரிசி," என்பாள் அங்கம்மா. காலையில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துவிட்டு, மத்தியானம் பங்களாவில் சமைப்பவள்.

"தோலுக்கு வயசு ஆயிரம் லா, அங்கம்மா. எனக்கு அறுபத்திரண்டுதான்," என்பார் துரை, இந்த ஊரில் ஒட்டிக்கொண்ட 'லா'வோடு.

அயர்லாந்தில், பழைய கிறிஸ்தவ வேதமொழியான சுரியானியைக் கற்பித்தவர். கண் மங்கியதும் வேலை போயிற்று. தோட்ட மேனேஜரான தம்பியிடம் 1932இல் வந்து சேர்ந்தார். கூடவே வந்தது, ஈராக்கில் மோசுல் பக்கத்து மடத்தில் ஒரு துறவி கொடுத்த இந்தத் தோலேட்டுச் சுவிசேஷப் பிரதி. வலமிருந்து இடமாக ஓடும் அந்த எழுத்தை மூக்கு உரச வாசிப்பார். வெளியே நடக்கும்போது கோழி குறுக்கே வந்தாலும் யாரோ என்று தொப்பியைத் தொட்டு வழிவிடுவார்.

பிரதியைப் படியெடுத்து எழுதியவன் யோவான் என்று கடைசி ஏட்டில் வாசித்து, இருபது வருஷ ஆராய்ச்சியை அந்தப் பெயர்மேல் கட்டியிருந்தார். அந்த ஆராய்ச்சிப் புத்தகம் டப்ளினில் அச்சுக்குப் போயிருந்தது.

ஒரு மத்தியானம் அந்தக் கடைசி ஏட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்படி அங்கம்மாவிடம் சொன்னார். அவள் பெருவிரல் அந்தப் பெயர்மேல் நின்றது.

"இங்க கத்தி பட்டிருக்கு துரை. சுரண்டிட்டு மேல எழுதியிருக்காங்க. பால்மரத்துப் பட்டையில கத்தி ஆழமாப் போனா இப்படித்தான் வெரல்ல தட்டும்."

லென்ஸில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். யோவானுக்கு அடியில் வேறொரு பெயரின் வால் தெரிந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தப்பா சொல்லிட்டேனா துரை?"

"நீ சொன்னது சரி. நான்தான் தப்பு."

அவருக்குக் கடிதம் எழுதித் தருபவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் சாக்கோ. ஊரில் சுரியானிக் கிறிஸ்தவர்களின் கோயில் ஜெபத்தில் அந்த மொழி பழகிய மலையாளி. அச்சை நிறுத்தச் சொல்லும் வரி வந்ததும் சாக்கோ பேனாவை மூடினார்.

"வேண்டாம் சார். யாருக்கும் தெரியப் போறதில்ல."

"அங்கம்மாவுக்குத் தெரியும். எழுது லா."

மறுநாள் துரை முதல் ஏட்டிலிருந்து மறுபடி தொடங்கினார், இந்த முறை விரலால் தடவி. கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டுவிரலை நீட்டினார். அங்கம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அந்த விரலைப் பிடித்து ஏட்டின் வலது ஓரத்தில் வைத்தாள்.