கேட்டுக் கட்ட நினைத்த கக்கூஸ்

எங்கள் வீட்டுக் கக்கூஸ் பின்பக்கம், எட்டுப் படி கீழே. போன மழையில் என் மனைவி ஐந்தாம் படியில் வழுக்கி விழுந்தாள். முட்டியில் ஆபரேஷன். இனிப் படி இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படுக்கையறைச் சுவரை ஒட்டி ஆறடிக்கு நாலடியில் ஒன்று கட்டினால் போதும்.

நான் கொத்தனார். எட்டாவதோடு படிப்பை விட்டு, திருநெல்வேலிப் பக்கமிருந்து திருவனந்தபுரம் வந்தவன். இங்கே சின்ன வேலைகளைப் பெர்மிட் இல்லாமல் எப்படி முடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் சனிக்கிழமை கார்ப்பரேஷன் ஆபீசுக்கு லீவு, மறுநாள் ஞாயிறு; வந்து பார்க்க ஆளில்லை. வெள்ளி சாயங்காலம் கல் இறக்கினால் திங்கள் காலையில் சுவர் நிற்கும், முன்பே இருந்தது போலத் தெரிய வீட்டின் பழைய நிறத்திலேயே. அப்படி எத்தனை பேருக்கு என் கையால் கட்டிக் கொடுத்திருக்கிறேன்!

என் வீடு என்றதும் யோசித்தேன். யாராவது பெட்டிஷன் போட்டால்? இடிக்கச் சொன்னால்? முறையாகப் பிளான் வரைய வைத்து விண்ணப்பம் கொடுத்தேன்.

கார்ப்பரேஷன் ஓவர்சியர் அம்மா டேப்போடு அளக்க வந்தார். கக்கூஸ் வரப்போகிற இடத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. அடுக்களைக்கும் மதிலுக்கும் நடுவே அளந்தார். நான் வீட்டை வாங்கும்போதே இருந்த அடுக்களை அது. இரண்டு வாரத்தில் மலையாளத்தில் ஒரு நோட்டீஸ் வந்தது. எனக்குப் பேச வரும், படிக்க வராது. ஆபீசுக்கே எடுத்துப்போய் அவரிடம் நீட்டினேன். அடுக்களை மதிலை நெருங்கி நிற்கிறதாம், பெர்மிட் இல்லையாம். அதைச் சரிசெய்யாமல் புதிதாக ஒரு கல்கூட வைக்கக் கூடாதாம்.

"மேடம், நான் கேட்டது கக்கூசுக்கு. அடுக்களயப் பத்தி ஒண்ணும் கேக்கலியே!"

"பழையதும் புதுசும் ஒரே பிளான்ல அல்லே வரும், சேட்டா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "இத்தற சின்னதுக்கு ஆரு சொல்லி அப்ளிகேஷன் வெச்சது? மிண்டாம கெட்டியிருந்தா ஒரு குழப்பமும் இல்லல்லோ."

வாயைத் திறக்காமல் கட்டியிருக்க வேண்டுமாம்! விதியைக் காக்கிற நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிற பேச்சா இது? விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிணற்றுப் பக்கம் கக்கூஸ் குழி தோண்டாதே என்பது நியாயம். ஆனால் கேட்டவன் வீட்டுக்குத்தான் டேப் வருகிறது. நான் கட்டிக் கொடுத்த அறைகளில் ஒன்றுக்குக்கூட இன்றுவரை ஒரு காகிதம் போனதில்லை. இனி நானும் சத்தமில்லாமல் கட்ட முடியாது, என் வீடு அவர்கள் ஃபைலில் ஏறிவிட்டது.

"ஊருக்கெல்லாம் கமுக்கமாக் கெட்டிக் குடுத்திய. பொண்டாட்டிக்குன்னதும் ஒங்களுக்குச் சட்டம் ஞாபகம் வந்துட்டாக்கும்?" என்றாள் மனைவி. "இப்ப அடுக்களையும் போவட்டும். தெருவுல அடுப்பு வைக்கேன்."

மறுநாள் இரும்பு பைப் வாங்கி வந்து, எட்டுப் படிக்கும் கைப்பிடி நட்டேன்.

"இதுக்குப் பேப்பரு குடுத்தியளா?"

"கேக்கவே இல்ல."

அவள் சிரிக்கவில்லை. ஒரு கை பைப்பில், ஒரு கை என் தோளில். மழைத்தண்ணீர் படி வழியே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த காலை எங்கே வைப்பது என்று குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.