பெய்-ருங் எழுதாமல் விட்ட வரி

தைவானில், தைனான் ஊரில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு விருந்து வைப்பவன் நான். சாய் மாஸ்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும். முன்கோபி என்பதும் தெரியும். இருக்கட்டும். குவோ பெய்-ருங் மாதிரி ஒருத்தி அடுப்படியில் வந்து நின்று கேள்வி கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும்.

அவளை வேலைக்கு வைத்தவனும் நான்தான். மேஜை, மீன், ஐஸ், நாற்காலி என்று ஒவ்வொன்றுக்கும் ஆர்டர் சொல்லக் கணினியில் தனித்தனிக் கருவி செய்திருந்தோம். அவற்றை இயக்க ஒரு ஏஐ ஏஜென்ட். அது நம் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகாதாம், எழுதிக் கொடுத்தால் படித்துத் தெரிந்துகொள்ளுமாம். ஒரு கருவி என்ன செய்யும், எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது, வேலை முடிந்தால் என்ன பதில் வரும் என்று தெளிவாக எழுதுவதுதான் பெய்-ருங்கின் உத்தியோகம்.

"மாஸ்டர், மீன்னா எந்த மீனு?"

"களவா. கல்யாணத்துக்கு வேற எதைம்மா வைப்பாங்க?"

"உசுரோடயா, வெட்டியா?"

"செத்த மீனை வெச்சா என்னைத்தான் வெட்டுவாங்க!"

"களவா கெடைக்கலைன்னா?"

"தாயே, மீன்காரன்கிட்டப் போய்க் கேளு. என்னை விட்டுரு!"

போனாள். மீன்காரன் ஷுவே மிங்-ஹுய் வாயே திறக்காத பிள்ளை. அவன் இவள் கேட்டதற்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொன்னானாம். ஐஸ்காரரையும், நாற்காலி வாடகைக்கு விடும் லியாவ் அம்மாவையும் இப்படித்தான் குடைந்தாள். ஆனால் அங்கெல்லாம் ஒரு நடையில் வேலை முடிந்தது. மீன் கருவிக்கு மட்டும் நடந்துகொண்டே இருந்தாள்.

"என்னம்மா, அது மட்டும் இன்னும் முடியலையா?"

"அதுல நெறைய சந்தேகம் இருக்கு மாஸ்டர்" என்றாள். காது வரைக்கும் சிவந்திருந்தது. அந்தச் சந்தேகம் மீன்காரனோடு கல்யாணத்தில் போய்த்தான் தீர்ந்தது.

ஏஜென்ட் தனியாக நடத்தும் முதல் விருந்து தன் கல்யாண விருந்தாகவே இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன். "ஒரே ஒரு விருந்தாளி எடமில்லாம நின்னாலும் ஏஜென்டையும் உன் எழுத்தையும் சேத்து மூட்டை கட்டிருவேன். மணப்பொண்ணுன்னு பாக்கமாட்டேன்."

"கட்டுங்க" என்றாள் திமிர் பிடித்தவள்.

கல்யாணத்தன்று மத்தியானம் பந்தலில் கூட்டமான கூட்டம். அவள் கேள்வி கேட்டுக் குடைந்தவர்கள் எல்லாம், அழைத்தவர் அழைக்காதவர் என்றில்லாமல், வந்துவிட்டார்கள். ஐஸ்காரர் மாமியாரையும் கூட்டி வந்திருந்தார். நான் அசரவில்லை. சொன்ன மேஜைகள் போக இரண்டு மூன்றை மடக்கி ஓரமாக வைத்திருப்பது எங்கள் ஊர் வழக்கம். அவற்றுக்கான சாப்பாடும் தயாராக இருக்கும். கூட்டம் மிஞ்சினால் விரிப்போம், இல்லாவிட்டால் திருப்பி எடுத்துப் போவோம்.

"உபரி மேஜையைப் பிரிங்கடா!" என்று கத்தினேன்.

மேஜையும் இல்லை, அதற்கான மீனும் இல்லை. முந்தின நாளே ஏஜென்ட் ரத்து செய்திருந்தது. விருந்தாளி பெயர் போடாத மேஜைகளை முந்தின நாள் ரத்து செய்யவும் என்று கருவிக் குறிப்பில் எழுதியிருந்தாள். உபரி மேஜையைத் தொடாதே என்ற வரி அதில் இல்லை. அதை யார் எழுதுவார்கள்? தைனானில் பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த விஷயமாயிற்றே!

கரண்டியோடு மணமேடைக்கே போய்விட்டேன். "பாத்தியா உன் ஏஜென்ட் பண்ணுன காரியத்தை?"

அவள் முகம் வெளுத்துப்போனது. "அது எழுதினபடிதான் பண்ணிருக்கு மாஸ்டர். நான்தான் எழுதாம விட்டுட்டேன். போனைக் குடுங்க."

"இப்பவா எழுதப்போற? நல்லா இருக்குடியம்மா கூத்து!"

சிவப்புப் பட்டுக் கவுனோடு குனிந்து தட்டினாள். 'உபரி மேஜைக்கு விருந்தாளி பெயர் இருக்காது. கூட்டம் மிஞ்சினால் உட்கார வைப்பதற்கு அது. அதை ரத்து செய்யக்கூடாது. ரத்தாகியிருந்தால் உடனே திரும்ப ஆர்டர் செய்யவும்.'

அவ்வளவுதான். பந்தலுக்குள்ளேயே போன்கள் அலற ஆரம்பித்தன. ஐஸ்காரர் சூப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தார். "திங்க வந்த எடத்துலயும் என்னை நாற்காலி தூக்க வெச்சுட்டாளே பாவி!" என்று சிரித்துக்கொண்டே ஓடினார் லியாவ் அம்மா. கடைசியாக மணமகனின் சட்டைப்பையில் மணி அடித்தது. மூன்று மேஜைக்குக் களவா, உயிரோடு, இப்போதே.

மிங்-ஹுய் பெண்டாட்டியைப் பார்த்தான். "என்ன முழிக்கிறீங்க? ஆர்டர் வந்திருக்குல்ல, ஓடுங்க!" என்றாள். கோட்டில் குத்திய பூவோடு ஸ்கூட்டரில் பறந்தான். பந்தலே விசிலடித்தது.

மேஜைகள் வந்தன. மீன் தொட்டியில் துள்ளிக்கொண்டு வந்தது. இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு அவித்து, ஆவி பறக்கப் பரிமாறினேன். நிமிர்ந்து பந்தலைச் சுற்றிப் பார்த்தேன். மிங்-ஹுய் மட்டும் கோட்டெல்லாம் செதிலோடு நின்றுகொண்டிருந்தான். அவன் நாற்காலியில் ஐஸ்காரரின் மாமியார் நிம்மதியாக மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒருத்தர் நிக்கிறாரு" என்றாள் பெய்-ருங். "மூட்டை கட்டிருவீங்களா?"

கரண்டியைக் கீழே வைத்தேன். "போடி பைத்தியக்காரி, மாப்பிள்ளை எப்படி விருந்தாளி ஆவாரு? அவரு நம்ம ஆளும்மா" என்றேன்.

அவள் நாற்காலியில் தள்ளி உட்கார்ந்து பாதி இடம் விட்டாள். அவன் செதிலோடு வந்து அதில் உட்கார்ந்தான்.